பதினேழாவது துண்டு

"இந்தச் சீட்டுல இன்னா எயிதிகீது, கண்ணு?"

"உங்க நெஞ்சு அடிக்கிறதுதாம்மா. மெஷினே எழுதிடும்."

"நல்லா எயிதிகீதா?"

"நல்லாத்தான் இருக்கு. பயப்படாதீங்க."

"நீ சொன்னா சரி. அந்த டாக்டரு மூஞ்சப் பாத்தாலே எனுக்கு மறுபடியும் மயக்கம் வந்துடும் போலகீது."

இவ்வளவுதான் பேச்சு. அரை நிமிஷம்கூட இருக்காது. அந்த அரை நிமிஷத்தைக் கடந்த ஐந்து வாரங்களில் ஈவ்லின் எத்தனை தடவை தனக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாளோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் 'நல்லாத்தான் இருக்கு' என்ற இடம் வரும்போது அவளுக்குத் தன் வலது கை ஞாபகம் வரும். அந்தச் சொல்லைச் சொன்னபோது அவளுடைய வலது கை வெள்ளைக் கோட்டின் பைக்குள் இருந்தது. பைக்குள் ஒரு சாண் நீளக் காகிதத் துண்டு இருந்தது. அந்த அம்மாளின் இதயம் நின்று நின்று அடித்த இடம் அந்தத் துண்டில் இருந்தது.

ஈவ்லின் மயிலாப்பூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. வீடு சாந்தோமில். அப்பா விக்டர், அம்மா நோரா இருவருமே பள்ளி ஆசிரியர்கள். சின்ன வயதிலிருந்து எந்தப் பாடத்துக்கும் அழாத பெண், ஈசிஜி பாடத்துக்கு அழுதாள். கட்டம் போட்ட ரோஜா நிறக் காகிதத்தில் மேலும் கீழுமாக ஒரு கோடு. அதைப் பார்த்துவிட்டு இவருக்கு இது, அவருக்கு அது என்று மற்றவர்கள் சொல்லும்போது அவளுக்கு ஏதோ கண்கட்டு வித்தையாகத் தெரிந்தது.

ஜானகி மேடம்தான் அதை உடைத்துக் கொடுத்தார். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பேனாவால் மேஜையைத் தட்டினார். முதலில் மெதுவாக ஒரு தட்டு, உடனே பலமாக ஒரு தட்டு. "சின்ன மேடு தெரியுதா, அது மேலறை கூப்பிடுறது. அடுத்து வர்ற உசரமான கூர், கீழறை பதில் சொல்றது. கூப்பிட்டதும் பதில் வருதா, லேட்டா வருதா, வராமலே போகுதா, அதை மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஈவ்லின் முன்சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டே போனாள். மெதுவாக ஒன்று, பலமாக ஒன்று. முந்நூறு, நூற்றைம்பது, நூறு, எழுபத்தைந்து என்று பெரிய கட்டங்களை எண்ணித் துடிப்பைக் கணக்கிடும் வரிசையை வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்தாள். இரண்டு மாதத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதலில் சொல்கிறவள் என்று ஆயிற்று. பேச முடியாமல் மயங்கிக் கிடக்கிறவர்கள்கூட அவளிடம் கோட்டால் பேசினார்கள். அந்தப் பெருமை அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பெருமையில்தான் வினை வந்து சேர்ந்தது.

செய்முறைத் தேர்வுக்கு உட்கார வேண்டுமானால் ரெக்கார்டு நோட்டு முடிந்திருக்க வேண்டும். அதில் இருபது வகைத் துடிப்புக்கான ஈசிஜி துண்டுகளை ஒட்டி, விளக்கம் எழுதி, மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் தேர்வுக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். சாதாரணத் துண்டுகள் எல்லோரிடமும் இருந்தன. அபூர்வமானவற்றுக்குத்தான் தட்டுப்பாடு. மதிய உணவு நேரத்தில் வகுப்பில் பண்டமாற்று நடந்தது. இரண்டு சாதாரணத்துக்கு ஒரு நல்ல துண்டு, டிபன் டப்பாவில் இருக்கும் வடையோடு சேர்த்தால் இன்னும் நல்ல துண்டு. ஈவ்லினிடம் பதினாறு சேர்ந்திருந்தது, இன்னும் மூன்று தருவதாகத் தோழிகள் சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டும் பதில் வராத வகை, 'பிளாக்' என்பார்கள், அது மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. தோழி அன்புச்செல்வி கிண்டல் செய்தாள்.

"மச்சி, என் ஆளு நெஞ்சுல லீட் மாட்டி விடுறேன். நான் ஒரு சிரிப்பு சிரிச்சா அவனுக்கு ஒரு அடி நிக்கும். டக்குனு வெட்டி எடுத்துக்கோ."

அந்த வாரம்தான் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு வேலம்மாவைக் கொண்டுவந்தார்கள்.

ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீன் விற்கிறவள். ஐம்பத்திரண்டு வயது. கடற்கரையில் கூடையின் முன் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று சாய்ந்துவிட்டாள் என்று மகள் நிலா ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வந்து சேர்வதற்குள் வேலம்மா எழுந்து உட்கார்ந்து, எதற்கு வீண் செலவு என்று மகளைத் திட்டத் தொடங்கியிருந்தாள். அவசரப் பிரிவில் ஈசிஜி எடுக்கும் வேலை அன்று ஈவ்லினுடையது.

அங்கே இருந்தது பழைய மெஷின். கோடுகளையெல்லாம் ஒரே காகிதத்தில் அடுக்கித் தராது. ரிப்பன் மாதிரி ஒரே நாடாவாக நீளமாகத் துப்பும். அந்த நாடாவிலிருந்து பன்னிரண்டு லீடுகளில், அதாவது மெஷின் இதயத்தைப் பார்க்கும் பன்னிரண்டு கோணங்களில், ஒவ்வொன்றுக்கும் சுத்தமாக இருக்கிற மூன்று நான்கு துடிப்புகளைப் பார்த்து வெட்டி, அட்டையில் வரிசையாக ஒட்டி, பெயர் எழுதி டாக்டரிடம் நீட்ட வேண்டும். நோயாளி இருமினது, புரண்டது, கை நடுங்கினது எல்லாம் கோணலாக விழுந்திருக்கும். அவை குப்பைக்கூடைக்கு. 'சுத்தமான இடமா பாத்து ஒட்டுங்க' என்பதுதான் அங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

வேலம்மாவின் நாடா முழுக்கச் சுத்தமாகவே ஓடியது. கடைசியில் ஓரிடத்தில் மட்டும் மேடு, கூர், மேடு, கூர் என்று வந்துகொண்டிருந்த கோடு ஒரு மேட்டை எழுதிவிட்டு நின்றது. கூர் வரவில்லை. மறுபடி ஒரு மேடு. அதற்கும் பதில் இல்லை. வெறும் கோடு. பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் பழையபடி ஓடியது. வேலம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான்.

சொல்லவே கூசுகிறது, ஆனால் ஈவ்லினுக்கு முதலில் வந்தது சந்தோஷம். கிடைத்துவிட்டது. பதினேழாவது.

டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அவள் அதைத் தனியாக வெட்டினாள். இதை அவள் பின்னால் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். ஆனால் அட்டையில் ஒட்டியதெல்லாம் சுத்தமான இடங்கள். அடுத்த கட்டிலில் பைக் விபத்தில் கால் நசுங்கிய பையன் கத்திக்கொண்டிருந்தான். டியூட்டி டாக்டர் அச்யுத் கையுறையைக்கூடக் கழற்றாமல் தூரத்திலிருந்தே அட்டையைப் பார்த்தார். நார்மல், வெயிலில் பட்டினி கிடந்திருப்பாள், ஒரு பாட்டில் ஏற்றி அனுப்புங்கள் என்றார். ஈவ்லின் 'சார்' என்றாள். என்ன என்று அவர் திரும்பியதில் இருந்த எரிச்சலில் அவள் நாக்கு உள்ளே போய்விட்டது. கைக்கு வந்த துண்டும் போய்விடுமே என்கிற எண்ணம் அந்த இடத்தில் இல்லவே இல்லை என்று அவளால் இன்றைக்கும் சத்தியம் செய்ய முடியாது. ஒன்றுமில்லை சார் என்றாள். மத்தியானமே வேலம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஜானகி மேடம் ரெக்கார்டு திருத்தும்போது பதினேழாம் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். இப்படி ஒரு துண்டு வருஷத்துக்கு ஒன்று கிடைப்பதே அதிகம், இந்த வகை பிளாக் இருக்கிறவர்களை வீட்டுக்கு அனுப்பவே கூடாது, எந்த நிமிஷமும் மொத்தமாக நின்றுவிடும் என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"இந்த பேஷன்ட்டுக்கு பேஸ்மேக்கர் வெச்சுட்டாங்கல்ல?"

வகுப்பே ஈவ்லினைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வெச்சுட்டாங்க மேடம்."

மேடம் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தின் வால் துண்டின் ஓரத்தில் ஏறி நின்றது.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல வேண்டுமானால் ஒன்றல்ல, இரண்டைச் சொல்ல வேண்டும். நோயாளியின் தாளை வெட்டி எடுத்ததையும், மேடத்திடம் பொய் சொன்னதையும். பரீட்சை போகும். ஒரு வருஷம் போகும். கல்லூரியிலேயே வைத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ.

அவசரப் பிரிவின் பதிவேட்டில் முகவரி பார்த்து, சனிக்கிழமை காலை மந்தைவெளியில் 29சி பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போனாள். வீட்டில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கு என்று சொல்லியிருந்தாள். ஒரே ஒரு வாக்கியத்தைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். 'அம்மா, என்கூட ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வாங்க.' ஆனால் ஏன் என்று கேட்டால்? சும்மா ஒரு செக்கப் என்று சொல்லி அழைத்துப் போனால் மறுபடி மெஷின் வைப்பார்கள், மறுபடி சுத்தமாக ஓடும், மறுபடி நார்மல் என்று அனுப்புவார்கள். அந்தத் துண்டைக் காட்டினால்தான் யாரும் நம்புவார்கள். துண்டைக் காட்டினால் அது யாரிடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

படகுகளுக்குப் பக்கத்தில் குடை நிழலில் உட்கார்ந்திருந்த வேலம்மா அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனாள். பக்கத்துக் கூடைக்காரிகளிடமெல்லாம் காட்டினாள். இந்தப் பொண்ணு பார்த்து நல்லாகீதுன்னு சொன்னப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்தது என்றாள். அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு சங்கரா மீனைச் செதில் நீக்கி, வகுந்து, கேட்டதற்கு மேல் இரண்டு போட்டுக் கொடுத்தாள். மனப்பாடம் செய்த வாக்கியம் ஈவ்லினின் தொண்டை வரைக்கும் வந்தது. மீன் பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அன்று வேலம்மாவே பேச்சை எடுத்தாள். நேற்று நடக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். ஒரு நொடிதானாம்.

"நீதான் பாத்து சொன்னியே, நெஞ்சுல ஒண்ணுமில்லன்னு. அப்பால இன்னாத்துக்குக் கண்ணு இப்டி வருது?"

வாய் திறந்தால் போதும் என்கிற இடம் அது. ஈவ்லின் வாயைத் திறந்து, "வெயில்தாம்மா. தண்ணி நிறையக் குடிங்க," என்றாள்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது நோரா குழம்பை ஊற்றிக்கொண்டே மகளைப் பார்த்தாள்.

"சனிக்கிழமையானா வேளாங்கண்ணி கோயில். வரும்போது கையில சங்கரா. மாதா எப்பலேர்ந்துடி மீன் விக்க ஆரம்பிச்சாங்க?"

ஈவ்லின் தட்டைப் பார்த்தாள்.

"சொல்லிடு. பையன் யாரு? நம்ம கோயில்காரனா, இல்ல வேற ஆளா? திட்ட மாட்டேன்."

"மீன் ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றார் விக்டர் முள்ளை எடுத்துக்கொண்டே. "பையன் எப்படியோ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஈவ்லினும் சிரிக்கப் பார்த்தாள். அப்படி ஒரு பையன் இருந்து, அதற்காக அம்மாவிடம் அறை வாங்கினால்கூட எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒரு விள்ளல் மீனை வாயில் வைத்தாள். இறங்கவில்லை. எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். நோராவின் சிரிப்பு நின்றது. மகளின் தட்டிலிருந்த மீனை மட்டும் எடுத்து மூடி வைத்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை ஈவ்லினின் பையில் ரெக்கார்டு நோட்டும் இருந்தது. திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். வீட்டில் வைக்கப் பயமாக இருந்தது, தினமும் தூக்கிக்கொண்டே திரிந்தாள். பஸ்ஸில் திறந்து பார்த்தாள். பசை பட்டால் அந்தக் காகிதத்தில் எழுத்து நிற்காது, ஓரத்தில் மட்டும் தடவுங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். இவள் அவசரத்தில் முழுக்கத் தடவியிருந்தாள். துண்டின் இரண்டு முனைகளிலும் கோடு வெளிறத் தொடங்கியிருந்தது. நடுவில் அந்த இரண்டு மேடுகளும் மட்டும் இன்னும் தெளிவாக இருந்தன. இன்னும் ஒரு மாதம் போனால் அதுவும் வெறும் ரோஜாக் காகிதம்தான்.

குடை நிழலில் வேலம்மா இல்லை. கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்துக் கூடைக்காரி குப்பத்துச் சந்துப் பக்கம் கை காட்டி, வீட்டில் போய்ப் பார் என்றாள்.

வழியில் தண்ணீர்க் குடத்தோடு வந்த நிலாதான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மீன் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா முன்னால் கவிழ்ந்துவிட்டாள். அரிவாள்மனை மேலேயே. இடது கை கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே எலும்பு தெரிய வெட்டு. மெயின் ரோட்டு கிளினிக்கில் பதினோரு தையல்.

"அந்த டாக்டரு நெஞ்சு டெஸ்ட் எடுத்தீங்களான்னு கேட்டாரு. நா உங்க ஆஸ்பத்திரில குட்த்த அட்டைய காட்டினேன். ஒயுங்காப் பாத்தாரு. ஹார்ட்டு நல்லாகீது, இது வலிப்பா இருக்கும்னு சொல்லி மாத்திரை எயிதிக் குட்த்துகீறாரு."

ஈவ்லின் அவள் பின்னால் நடந்தாள்.

ஒரே அறை வீடு. வேலம்மா பாயில் படுத்திருந்தாள். கை முழங்கை வரைக்கும் கட்டு, நெற்றிப் பொட்டில் கன்றிப்போன வீக்கம். முகம் சாம்பலாக இருந்தது. ஆனாலும் ஈவ்லினைப் பார்த்ததும் எழ முயன்றாள்.

"வா டாக்டரம்மா. இன்னிக்கு மீன் இல்ல. கையிதான் கீது. வறுத்துத் துன்றியா?"

"சும்மா இரும்மா," என்று நிலா அதட்டினாள். அதட்டும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த அட்டையை எடுத்து ஈவ்லினிடம் கொடுத்தாள். அக்கா, நீயே இன்னொரு தபா பாரு, உனக்குத்தான் தெரியும் என்றாள்.

ஈவ்லின் பார்த்தாள். கத்தரியால் நேராக வெட்டிய பன்னிரண்டு துண்டுகள். பசை பிதுங்காமல் ஒட்டிய சுத்தம். மேலே அவளுடைய கையெழுத்தில் 'வேலம்மா, 52'. இதைவிட நேர்த்தியாக ஒரு மாணவி ஒட்டியிருக்க முடியாது. இந்த நேர்த்திதான் அந்த டாக்டரையும் ஏமாற்றியிருக்கிறது, வலிப்பு மாத்திரையும் எழுத வைத்திருக்கிறது. ஐந்து வாரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு பொய் சொல்லியிருக்கிறது.

பாயில் உட்கார்ந்து வேலம்மாவின் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். செதில் உரசி உரசித் தடித்துப்போன தோல். அதன் கீழே துடிப்பு தட்டுப்பட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு இல்லை. ஈவ்லினின் மூன்று விரல்களுக்கு அடியிலும் ஒன்றுமில்லை. வெளியே யாரோ படகு தள்ளும் சத்தம் கேட்டது. வேலம்மாவின் கண்கள் ஒருமாதிரி மேலே செருகின. ஈவ்லின் தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். காகிதத்தில் அது ஒரு சாண் தூரம். இங்கே அது எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அப்புறம் விரலில் ஒரு தட்டு. பலவீனமாக, தயங்கி.

வேலம்மா கண்ணைத் திறந்தாள். தனக்கு என்ன நடந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. தன் கையைப் பிடித்திருக்கும் பெண்ணின் முகத்தை நம்பிக்கையோடு பார்த்தாள்.

"இன்னா கண்ணு, நல்லாகீதா?"

அதே கேள்வி.

ஈவ்லின் பையைத் திறந்தாள். ரெக்கார்டு நோட்டை மடியில் வைத்து, பதினேழாம் பக்கத்தை நோட்டுத் தையலோடு ஒட்டிப் பிடித்து, துண்டு மடங்காமல் மெதுவாகக் கிழித்தாள். கிழிபடும் சத்தத்தில் நிலா திரும்பிப் பார்த்தாள். சிவப்புக் கையெழுத்து பக்கத்தோடு வந்துவிட்டது. திங்கட்கிழமை போயிற்று. அவளுக்குப் பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் விரலில் இன்னும் அந்த வெறுமை இருந்தது, அதற்கு முன்னால் மற்ற பயம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

"நல்லா இல்லம்மா," என்றாள். "அன்னிக்கே நல்லா இல்ல. எனக்குத் தெரியும்."

வேலம்மா புரியாமல் விழித்தாள். ஈவ்லின் பக்கத்தை அவள் கண்ணுக்கு நேரே பிடித்து, வெறுங்கோடாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"உங்க நெஞ்சு நின்ன இடம் இது. அந்த அட்டையில இது இருந்திருக்கணும். என் நோட்டுல ஒட்டிக்கறதுக்காக நான் வெட்டி எடுத்துட்டேன். டாக்டர்கிட்ட காட்டல. உங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

நிலாவின் கையிலிருந்த பிளாஸ்டிக் உறை தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அவள் பார்வை தன் முதுகில் படுவதை ஈவ்லினால் உணர முடிந்தது. திரும்பவில்லை. வேலம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அவள் ஈவ்லினின் மடியோரம் கிடந்த தன் வலது கையை இழுத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள். காகிதத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

மூன்று சனிக்கிழமைகளாகப் பஸ்ஸில் மனப்பாடம் செய்தும் வெளியே வராத வாக்கியம் இப்போது நடுங்கிக்கொண்டே வந்தது.

"யார் வெட்டுனதுன்னு அங்க கேப்பாங்க. நானே சொல்லிக்கறேன். என்னை எவ்வளவு வேணும்னாலும் அப்புறம் திட்டுங்க. அம்மா, இப்பவே என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க."